பார்த்த சாட்சி

எனக்காக வாங்க என்று சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ஆண்டவருக்காக வேண்டாம், எனக்காக வாங்க என்று அந்த முன்பாதி எதற்காக வாயில் வந்ததோ தெரியவில்லை, வந்துவிட்டது. இவரும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். இப்போது கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையில் ஊசிகளோடு படுத்திருக்கிறார், அவருடைய ரத்தம் ஒரு குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகி இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, நான் இந்தப் பக்கம் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து அந்த முன்பாதியை மென்றுகொண்டிருக்கிறேன். ஆண்டவருக்காக வேண்டாம். யார் சொன்னது, பியூலாதான் சொன்னது, ஓய்வுநாள் பள்ளியில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து எல்லாவற்றிலும் ஆண்டவருக்குத்தான் முதலிடம் என்று சொல்லிக்கொடுத்த பியூலா டீச்சர். வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும். இவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "இன்னைக்கு மெஷின்ல ஏறிட்டு ஞாயித்துக்கிழமை மேடைல ஏறி சுகமாயிட்டேன்னு எப்படிட்டி சொல்லுவேன்? ஆண்டவரைப் பொய்யராக்கச் சொல்லுதியா?" என்றார். மெஷினும் ஆண்டவர் கொடுத்ததுதான் என்றேன். அதைச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையில் ருசியே போய்விட்டது. டாக்டருக்கு அறிவைக் கொடுத்ததும் அவர்தானே என்றேன். இவர் திரும்பவே இல்லை. முகம் உப்பியிருந்தது, கணுக்காலைத் தொட்டு அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது, பேசி முடித்ததும் இழுத்த மூச்சில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குள் இருந்த வசனங்களெல்லாம் ஓடிப்போய்விட்டன. தரையில் உட்கார்ந்து இவருடைய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னேன். ஆண்டவருக்காக வேண்டாம், எனக்காக வாங்க. மறுதலிப்பு என்றால் இதுதானோ. இல்லை, ஆண்டவரே, நீர் வேண்டாம் என்றா சொன்னேன், உமக்காக வேண்டாம் என்றுதானே சொன்னேன், இரண்டும் ஒன்றா, ஒன்றில்லையா, எனக்கு இலக்கணம் அவ்வளவு தெரியாது, நீரே பார்த்துக்கொள்ளும்.

இந்த வராண்டாவில் எப்போதும் ஒரு புளித்த வாசனை. மெஷின் கழுவுகிற மருந்து என்று இசக்கி சொல்லியிருக்கிறாள். இசக்கிதான் உள்ளே மெஷின்களைப் பார்க்கிற டெக்னீஷியன், சின்னப் பொண்ணு, கல்யாணம் ஆகி இன்னும் மஞ்சள் கயிறு வெளுக்கவில்லை, ஆனால் ஊசி போடுவதில் அவள் கைக்கு இவர் பழகிவிட்டார், வேறு யாரும் வந்தால் முகத்தைச் சுளிப்பார். இந்த வாசனை என் சேலையிலும் தலைமுடியிலும் ஏறி வீடு வரைக்கும் வருகிறது, சோறு வடிக்கும்போதுகூட மூக்கில் நிற்கிறது. இவர் ஒரு காலத்தில் பி.டி. சார். கோயில்ராஜ் சார் விசில் ஊதினால் மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கிறவன்கூட நேராக நிற்பான் என்று சொல்வார்கள். அந்தத் தொடையும் தோளும் எங்கே போயின என்று குளிப்பாட்டும்போது பார்ப்பேன், சோப்பு வழுக்கிக்கொண்டு எலும்பில் போய் நிற்கும். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே என்னுடையதை எடுத்துக்கோங்க என்று கையை நீட்டினேன். ஏதேதோ சோதித்துப் பார்த்துவிட்டு, உங்களுக்கே சுகர் இருக்கும்மா, எடுக்கக்கூடாது என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், கொடுக்கிறேன் என்று வருகிறவளைக்கூட வேண்டாம் என்கிறீரே, அப்புறம் என்னதான் கேட்கிறீர் என்று. பதில் வராததும் எனக்குப் பழகிவிட்டது. தண்ணீர்தான் பழகவில்லை. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பேன், காலையிலேயே பாதி தீர்ந்துவிடும், மிச்ச நாள் முழுக்க நாக்கை உதட்டில் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழம்புச் சட்டியைத் திறந்து கரண்டியால் மோந்து குடித்துக்கொண்டிருந்தவரை ஒருநாள் பார்த்தேன், பார்க்காத மாதிரி வெளியே போய்விட்டேன். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து அத்தனை பிள்ளைகளுக்கு வயிறு நிறையப் போட்ட கை இது, கட்டின புருஷனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லுகிற கையாகிப்போனது. உள்ளே இவர் படுத்திருக்கிற மூலைக் கட்டிலில் முன்பு ஒரு மளிகைக்கடைக்காரர் படுத்திருப்பார். மகள் கல்யாணம், ஒரே ஒரு தடவை மெஷினை விட்டால் என்ன என்று விட்டார். பந்தியில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டு, ரசமும் பாயசமும் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். இங்கே கொண்டு வந்தபோது நெஞ்சுக்குள் தண்ணீர் ஏறி, கரையில் போட்ட மீனாக வாயைத் திறந்து திறந்து மூடினார். நான் பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் அந்தக் கட்டில் இவருக்கு வந்தது.

ஆனால் இவர் ஓடினதையும் பார்த்தேனே. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. போன வாரம் உபவாசக் கூட்டத்தில் பாஸ்டர் கிளாட்வின் இவர் தலையில் கை வைத்து ஜெபித்தார், சபை முழுக்க எழுந்து நின்று சத்தமிட்டது, தகரக் கூரையில் சத்தம் முட்டி முட்டித் திரும்பியது, எனக்கு நெஞ்சு பிளந்துவிடும் போல இருந்தது. பாஸ்டர் இவர் கையைப் பிடித்துத் தூக்கி, "சார், ஓடுங்க, விசுவாசத்தோட ஓடுங்க" என்றார். இவர் ஓடினார். செருப்பில்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சபைக் கட்டடத்தை ஒரு சுற்று, பழைய பி.டி. சார் மாதிரி முழங்காலைத் தூக்கி ஓடி வாசல் வழியாகத் திரும்பி வந்தார். முகத்தில் வியர்வையும் கண்ணீரும். நானும் அழுதேன், நானும் ஸ்தோத்திரம் சொன்னேன், பொய்யாகச் சொல்லவில்லை. அன்றைக்குக் காலையில்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தோம், உடம்பிலிருந்து வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் எடுத்திருக்கேன்மா, இன்னைக்கு சாருக்கு உடம்பு லேசா இருக்கும் என்று இசக்கி சொல்லி அனுப்பியிருந்தாள், அது அப்போது நினைவுக்கு வரவே இல்லை. மறுநாள் விடிந்தபோது வந்தது. விடிந்தபோது இவர் கட்டிலில் படுக்க முடியாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் பாஸ்டர் அறிவித்தாகிவிட்டது, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டு விழாக் கூட்டத்தில் நம்முடைய பி.டி. சார் சாட்சி சொல்லுவார், மெஷினை விட்டு விடுதலை ஆன சாட்சி என்று. அன்றிலிருந்து இவர் இங்கே வருவது திருட்டு வேலை மாதிரி ஆகிவிட்டது, தெருமுனையில் ஆட்டோ நிற்கக்கூடாது, சபை ஆட்கள் யார் கேட்டாலும் தம்பி வீட்டுக்குப் போனோம் என்று சொல்லணும். நான் சொன்னேன், சொன்ன ஒவ்வொருதடவையும் நாக்கு தடித்துப்போனது. இசக்கி சொன்னதை இவரிடம் எடுத்துச் சொன்னேன், தண்ணீர் கூடுதலாக எடுத்ததனால்தான் என்று. இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ பக்கத்துலயே இருந்து இதைத்தான் கணக்குப் பார்த்துக்கிட்டு இருந்தியா? உன் அவிசுவாசந்தான் என்னைப் படுக்கப் போட்டிருக்கு" என்றார். கோபத்தில் சொன்னது. கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் அது எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, எழுந்து போக மாட்டேன் என்கிறது. ஒருவேளை அப்படித்தானோ. நான் நம்பியிருந்தால், கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல் நம்பியிருந்தால், மறுநாள் காலையிலும் இவர் ஓடியிருப்பாரோ. ஆண்டவர் ஒரு பொம்பளையின் மனசில் இருக்கிற சந்தேகத்துக்குப் பயந்து கையை மடக்கிக்கொள்ளுகிறவரா. அப்படிப்பட்டவரையா இத்தனை காலமும் கும்பிட்டேன்.

பக்கத்தில் மைதீன் பாத்து என்கிறவள் உட்கார்ந்தபடியே தூங்குகிறாள், தலை என் தோளில் இடித்து இடித்துப் போகிறது. அவளுடைய வீட்டுக்காரரும் உள்ளேதான், ஜன்னல் பக்கத்துக் கட்டில். இந்த வராண்டாவில் வந்து பழகினவள், என்னைவிட வயதில் சின்னவள், மேலப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். சற்று முன்னால் எழுந்து, "அக்கா, பையைப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படிக்குக் கீழே துப்பட்டியை விரித்துத் தொழுதுவிட்டு வந்தாள். குனிந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். வந்து உட்கார்ந்ததும் தூங்கிவிட்டாள். எனக்கு அந்தத் தூக்கம் பொறாமையாக இருந்தது. எனக்கும் ஜெபம் பண்ணணும், காலையிலிருந்து பண்ணவில்லை, கண்ணை மூடினால் அந்த முன்பாதி வந்து நிற்கிறது. இப்படி வாய் அடைத்துப்போனது முதல்தடவை இல்லை. எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தது, ஷாரோன் என்று பேர் வைத்தோம், ஞானஸ்நானத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையிலேயே பெட்டியில் வைத்தோம். அதற்கப்புறம் எவ்வளவோ காலம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலுக்குப் போவேன், கால் போகும், நான் அதற்குப் பின்னால் போவேன். எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பேன். அப்போது யாராவது உனக்கு விசுவாசம் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. இவரும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு மணியை ஒருதடவை அடிப்பார், நான் வந்து ஏறிக்கொள்ளுவேன். எந்த ஞாயிற்றுக்கிழமை திரும்பப் பாட ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. அப்படி ஒரு நாள் வந்தது என்பது மட்டும் தெரியும். ஆனால் அதை எந்த மேடையில் சொல்ல முடியும். பிள்ளை பிழைக்கவில்லை, நான் போய்க்கொண்டே இருந்தேன் என்று சொன்னால் யார் கை தட்டுவார்கள். எனக்கு அசதியாக இருக்கிறது, ஆண்டவரே. முழங்கால் வலிக்கிறது, சுகர் மாத்திரை போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை, இந்தப் பெஞ்சின் கம்பி முதுகில் ஏறுகிறது. உம்மை விட்டுப் போகிறதற்கும் ஒரு தெம்பு வேணும், அந்தத் தெம்புகூட எனக்கு இல்லை.

படியேறி வருகிறது யார் என்று பார்க்கவே வேண்டாம், அந்த ஷூ சத்தம் தெரியும். பாஸ்டர் கிளாட்வின். வெள்ளைச் சட்டையின் கை மடிப்பு நனைந்திருந்தது, வெயிலில் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். இவர் உள்ளே படுத்துக்கொண்டு ஊசி போடாத கையால் போன் பண்ணியிருக்கிறார், வேறு எப்படித் தெரியும். "ஸ்தோத்திரம் சிஸ்டர்" என்றார். எழுந்து ஸ்தோத்திரம் பாஸ்டர் என்றேன். மைதீன் பாத்து விழித்து, நகர்ந்து, அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பாஸ்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். வெள்ளம் வந்த வருஷம் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது, டயாலிசிஸ் நாள் தவறிப்போய் இவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது, ஒரு வண்டியும் வரவில்லை, சொந்த அண்ணன் தம்பி போனை எடுக்கவில்லை. இந்த மனுஷன்தான் அந்தத் தண்ணீரில் நடந்து வந்து இவரை முதுகில் சுமந்துகொண்டு மேட்டுக்குப் போய், ஒரு டிராக்டரை மறித்து, இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அன்றைக்குச் சபையில் பத்துக் குடும்பம்கூட இல்லை. இப்போது தகரக் கொட்டகை நிரம்புகிறது, வெளியில் பந்தல் போட வேண்டியிருக்கிறது. நிரம்ப நிரம்ப அவருடைய கண்ணுக்குக் கீழே கறுத்துக்கொண்டே வருகிறது, அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

"சார் ரொம்ப உடைஞ்சு பேசினாங்க சிஸ்டர்" என்றார். "நீங்க வற்புறுத்திக் கூட்டிட்டு வந்தீங்களாமே."

"ஆமா பாஸ்டர். நாந்தான் கூட்டிட்டு வந்தேன்."

"பரவாயில்ல. நடந்தது நடந்துபோச்சு. ஞாயித்துக்கிழமை சாருக்குப் பக்கத்துல நீங்களும் நில்லுங்க. மனைவி வாயாலயும் ஒரு வார்த்தை வந்தா ஜனங்களுக்குப் பெலனா இருக்கும். சுகமாயிட்டாங்கன்னு விசுவாசிச்சு அறிக்கை பண்ணுங்க. இன்னும் கண்ணுக்குத் தெரியலன்னாலும் விசுவாசத்தால சொல்றது பொய் இல்ல சிஸ்டர்."

மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பாஸ்டருக்கு முன்னால் நான் இதுவரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினது இல்லை. "பாஸ்டர், சாட்சின்னா பார்த்ததைச் சொல்லுறதுதானே" என்றேன். "அவுக ஓடினதைப் பார்த்தேன். அதைச் சொல்லுதேன், சந்தோஷமாச் சொல்லுதேன். மறுநாள் விடியக்காலம் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சதையும் பார்த்தேன். ரெண்டையும் சொல்ல விடுவீங்களா? இன்னும் சுகம் வரல, நாங்க இன்னும் ஜெபத்தை விடலன்னு சொல்ல விடுவீங்களா? விட்டா நான் வாரேன்."

பாஸ்டர் கீழே பார்த்தார். "ஜனங்க சோர்ந்துபோவாங்க சிஸ்டர்."

"நானே சோர்ந்துபோய்த்தான் இருக்கேன் பாஸ்டர். என்னை மாதிரி நாலு பேர் அங்க உக்காந்திருப்பாங்க. அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

நான் நிறுத்தியிருக்கலாம், இன்றைக்கு எனக்கு நிறுத்தவே தெரியவில்லை. "வெள்ளத்துல இதே மெஷினுக்கு அவுகளைச் சுமந்துட்டு வந்தது நீங்கதானே" என்றேன். பாஸ்டர் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை, என்னவோ பிடிபட்டுவிட்ட மாதிரி ஒரு கூச்சம். குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு எனக்கு விசுவாசம் குறைவா இருந்துச்சு சிஸ்டர்" என்றார். "அப்படிச் சொல்லாதீங்க பாஸ்டர். அன்னைக்குத்தான் நான் ஆண்டவரை உங்க முதுகுல பார்த்தேன்" என்றேன். வராண்டாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போனது, அது கோடித் திருப்பத்தில் மறைகிறவரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு பாஸ்டர் எழுந்து, ஜெபிக்கலாமா என்றார். கண்ணை மூடினேன். இந்தக் குடும்பத்தைத் தாங்கும் கர்த்தாவே என்று தொடங்கினார், ஆமென் என்றேன். சாருக்குப் பெலன் தாரும், ஆமென். இந்த மகளுக்குள் இருக்கிற சந்தேகத்தின் ஆவியை வேரோடு பிடுங்கிப்போடும் என்றார், சத்தம் கொஞ்சம் கூடியது, வராண்டாவில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள் என்று மூடின கண்ணுக்குள்ளேயே தெரிந்தது. அதற்கு நான் ஆமென் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஜெபத்தின் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இடி விழவில்லை, ஒன்றும் விழவில்லை, பாஸ்டர் ஒரு நொடி காத்திருந்துவிட்டு மேலே போனார். முடித்ததும் இவரைப் போய்ப் பார்க்காமலே படியிறங்கினார். பாதிப் படியில் நின்று ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மைதீன் பாத்து மெல்ல நகர்ந்து வந்து, "என்னக்கா, சத்தம் போட்டுட்டாரா?" என்று கேட்டாள். இல்லம்மா, ஜெபம் பண்ணினார் என்றேன். இனி அந்தச் சபையில் என்னை எப்படிப் பார்ப்பார்கள். பாய் விரிக்கும்போது என் பக்கத்தில் யார் உட்காருவார்கள். தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிடுகிற ஜெபமணி அக்கா இனிமேல் சிஸ்டர் என்று கூப்பிடுவாள். அதெல்லாம் போகட்டும், இவர் என்ன சொல்லப்போகிறார். இதற்குமேல் என்னோடு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டால். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டால் நான் எந்தப் பேரைச் சொல்லி எழுப்புவேன். என் பேரும் தீர்ந்துபோனால். ஆண்டவரே, பேசிவிட்டேன், உமக்காகப் பேசினேனா எனக்காகப் பேசினேனா என்று எனக்கே தெரியவில்லை, உமக்கு எதிராகப் பேசவில்லை, அது மட்டும் தெரியும், அது போதுமா, போதாதா.

உள்ளேயிருந்து இவர் கத்துகிற சத்தம். "பியூலாம்மா, வாங்க" என்று இசக்கி கதவைத் திறந்தாள். ஓடினேன். இவருக்குக் காலில் குரக்கு பிடித்திருந்தது, மெஷின் முடிகிற நேரத்தில் சில நாள் அப்படிப் பிடிக்கும், கெண்டைக்கால் கல்லாகத் திரண்டு நின்றது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று தலையை அங்கும் இங்கும் புரட்டினார். பாதத்தை என் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காலை இரண்டு கையாலும் உருவினேன். "விரலை மேல மடக்குங்க, அம்மா மேல மிதிக்கிற மாதிரி மிதிங்க சார்" என்று இசக்கி மெஷினில் என்னவோ திருகினாள். இவர் மிதித்தார். என்ன வலியோ, என்ன கோபமோ, எல்லாவற்றையும் சேர்த்து மிதித்தார், நான் கட்டிலின் கம்பியில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கல் இளகி மறுபடி சதையானது. கடைசிச் சொட்டு ரத்தமும் உடம்புக்குள் திரும்பியபிறகு இசக்கி ஊசிகளை எடுத்துப் பஞ்சை வைத்து என் விரலை அதன்மேல் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றேன். முகத்தின் உப்பல் வடிந்து கன்னத்து எலும்பு தெரிந்தது. பழைய முகத்தின் ஒரு சாயல்.

"பாஸ்டர் வந்தாரா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"வந்தாரு."

"என்ன சொன்னே?"

பொய் சொல்லலாம். இந்த வாரம் முழுக்க எத்தனை பேரிடம் தம்பி வீடு என்று சொன்னேன். "நீங்க ஓடினதையும் சொல்லுவேன், மறுநாள் மூச்சு இழுத்ததையும் சொல்லுவேன், ரெண்டையும் சொல்ல விட்டா வாரேன்னு சொன்னேன்."

மூடின இமையின் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. "ஓடும்போது எப்படி இருந்துச்சு தெரியுமாட்டி" என்றார். "தரையே தெரியல. இனிமே நீ எனக்குத் தண்ணி அளந்து ஊத்த வேண்டாம், நீ ராத்திரி உக்காந்து முழிக்க வேண்டாம்னு நெனச்சேன். அதான் ஓடினேன்."

எனக்காகவா ஓடினார். இத்தனை நாளும் அதை ஆண்டவருக்கும் இவருக்கும் நடுவில் நடந்த காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நான் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறவள், சந்தேகப்படுகிறவள். பஞ்சின்மேல் இருந்த விரல் நழுவிவிட்டது, ரத்தம் ஒரு புள்ளி கசிந்தது, மறுபடி அழுத்தினேன். "அது பொய்யில்லட்டி" என்றார். பொய்யில்லங்க, நானும் பார்த்தேனே என்றேன். "மறுநாள் வந்ததும் பொய்யில்ல" என்றார், யாரோ இன்னொருவரிடம் சொல்லுகிற மாதிரி. பிறகு, "நீ ஜெபம் பண்ணு" என்றார். எப்போதும் இவர்தான் ஜெபிப்பார், சாப்பாட்டுக்கு முன்னால், படுக்கைக்கு முன்னால், மெஷின் முடிந்து எழும்புகிறதற்கு முன்னால், நீளமாக, ஒழுங்காக, வரிசையில் பிள்ளைகளை நிறுத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக நிறுத்தி. நான் கண்ணை மூடினேன். என்ன சொல்ல. நன்றி என்று தொடங்கினால் அடுத்து எதற்கு என்று சொல்லணும். சுகம் தாரும் என்றால் கேட்டுக் கேட்டு அது தேய்ந்துபோய்விட்டது. மன்னியும் என்று சொல்ல வந்தேன், எதை என்று தெரியவில்லை. விரலுக்குக் கீழே இவருடைய நாடி அடித்துக்கொண்டிருந்தது. "ஆண்டவரே, இருக்கோம்" என்றேன். இவர் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். வரவில்லை.

"அவ்வளவுதானா?"

"இப்போதைக்கு அவ்வளவுதான்."

இவர் சிரித்தாரா, மூச்சு விட்டாரா தெரியவில்லை. இசக்கி பேனாவும் கையுமாக வந்து நின்றாள். "சார், திங்கக்கிழமைக்கு உங்களுக்குக் காலம்பற போடவா, மத்தியானமா? ரெண்டுலயும் இடம் இருக்கு." வழக்கமாக நான்தான் சொல்லுவேன். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. வர மாட்டேன் என்று சொன்னாலும் அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று பஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இசக்கி என்னைப் பார்த்தாள், நான் பார்க்கவில்லை. கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எதிர் மூலையில் ஒரு மெஷின் பீப் பீப் என்று கூப்பிட்டது, இசக்கி போகாமல் நின்றாள். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்து, தலை சுற்றல் நிற்கிறவரைக்கும் குனிந்திருந்தார்.

"காலம்பறயே போடும்மா" என்றார். "மத்தியான வெயில்ல வந்தா இவ கிறங்கிப் போறா."